பல் டாக்டர் இறங்கிப் போனது

மாதா சாட்சியாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சுங்குவார்சத்திரத்துப் பல் டாக்டர் செல்வநாதன் 1966-இலிருந்து எட்டு வருஷமாக, நின்ற இடத்திலேயே தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு பல் பிடுங்கினால் ஒரு நூல் அளவு. எங்கள் பக்கத்தில் லேசாக வலிக்கும்போது யாரும் டாக்டரிடம் போவதில்லை. கிராம்பு, புகையிலை, சாராயம் எல்லாம் கைவிட்ட பிறகு, சீழ் கோத்த வாயோடுதான் போவார்கள். வந்தவர் அத்தனை பேரும் அவரைக் கண்டு நடுங்கினார்கள். பிரியமாகப் பார்த்த முகம் ஒன்றுகூட அந்த அறைக்குள் நுழைந்ததில்லை.

முழங்கால் வரை இறங்கியபோது லாரி ஓட்டும் மாரி கவனித்தான்.

"இன்னா சார், பள்ளத்துல நின்னுகினு கீறீங்க?"

"மனசு சரியில்ல மாரி. தூக்கமே இல்ல."

"டாக்டருக்கே சீக்கா? நல்லா கீது கதை!" என்று சிரித்துவிட்டு வாயைத் திறந்தான்.

வந்தவர் வாய் டாக்டருக்கு எட்டவேண்டுமே என்று ஆசாரி வந்து நாற்காலியின் கால்களை அறுத்துக் கொடுத்தார். அடுத்த வருஷம் மறுபடி அறுத்தார். பிறகு அறுக்கக் கால் இல்லை, பாய் விரித்தார்கள். மார்பளவு இறங்கியிருந்த ஒரு நாள், மண்ணூர் கங்கம்மாளின் கடைவாய்ப் பல்லில் குறடு வைத்தபடியே டாக்டர், "என்னால இனிமே முடியலம்மா" என்று அழுதார். கங்கம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம பல்லு அப்டி சார். எங்கப்பன் எலும்பையே மாவாக்கிடுவாரு!" ஊர் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கழுத்து வரை போனதும் அவர் மனைவி சகாயமேரி கிணற்றுக் கயிறும் நாலு ஆட்களும் கொண்டுவந்தாள். "ஏங்க, கெட்டியாப் புடிங்க. வூட்டுக்குப் போலாம்." இழுத்தார்கள். தோள் வந்தது, இடுப்பு வந்தது. வருஷக்கணக்கில் சிரிக்காத மனிதர் சிரித்தார். அந்த நேரம் பார்த்து ரத்தினம் வந்தான், வீங்கிய கன்னத்தைத் தாங்கிக்கொண்டு. "சார், இது ஒண்ணே ஒண்ணு சார்." கயிறு பிடித்தவர்களே, "பாவம், எடுத்து வுட்டுட்டு ஏறுங்க சார்" என்றார்கள். குறடு பிடிக்கக் கை வேண்டுமே. "வுடாதீங்க!" என்று சகாயமேரி கத்தினாள். அவர் அவளைப் பார்த்தார், ரத்தினத்தைப் பார்த்தார், கயிற்றை விட்டார். பல் வந்தது. டாக்டர் தலை மறைய உள்ளே போய்விட்டார்.

ஆனாலும் வைத்தியம் நிற்கவில்லை. பள்ளத்தின் ஓரம் குப்புறப் படுத்து வாயைத் திறந்தால் ஒரு கை மேலே வரும். பல்லைப் பிடுங்கும், பஞ்சு வைக்கும், இறங்கிவிடும். சகாயமேரி வாளியில் சோறு இறக்கினாள். முதலில் வெறும் வாளி வந்தது, பிறகு பாதிச் சோற்றோடு வந்தது, ஒரு ஐப்பசியிலிருந்து இறக்கியது அப்படியே வந்தது. பிறகு ஒரு நாள் அவள் குப்புறப் படுத்து, வாயைத் திறக்காமல், மேலே வந்த கையைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் உள்ளங்கையைத் தடவித் தடவிப் பல்லைத் தேடியது. மறுநாள் முதல் அவள் வாளி கொண்டுவரவில்லை. ஜனங்கள் மட்டும் குன்றத்தூரிலிருந்தெல்லாம் வந்துகொண்டிருந்தார்கள், கைராசிக்காரர் என்றார்கள்.

அந்தக் கிளினிக் மாடியில் இருந்தது. கீழே டீக்கடை; அதன் கூரையில் ஒரு விரிசல்கூட விழவில்லை.