ராக்காயியின் கட்டிக்குப் பெயர் மாறியது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1955இல் ஒரு நாள் கொட்டகலை பாவா கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எச்சில் சுரப்பிக் கட்டிகளின் பெயர்களை வெளிநாட்டு டாக்டர்கள் மாற்றிவிட்டார்கள் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கணேசமூர்த்தி பொருமினார். பாடமாக்கியதெல்லாம் வீணாய்ப் போன கோபம் அவருக்கு. எனக்கோ கதை கிடைத்த சந்தோஷம்.

தொடக்கம்: லிந்துலை மலையில் பனி மூடி—

வேண்டாம். இலங்கை மலைநாட்டுக் கதைகளில் பனி ஏற்கெனவே அளவுக்கு மேல் பெய்துவிட்டது. கட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

2

கொழுந்தெடுக்கும் ராக்காயிக்குக் காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம். வலி இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயமே ஒரே குரலில் 'பொன்னுக்கு வீங்கி' என்றது. அதற்கு வைத்தியம் கழுத்தில் தங்கம் போடுவது. ராக்காயியிடம் தங்கம் ஏது? நாத்தனார் மீனம்மா தன் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டாள்.

[பொன்னுக்கு வீங்கி தானாகவே வற்றும், பெயர் தங்கத்துக்குப் போகும். கொழுந்தெடுப்பது பெண்கள், பெயர் வாங்குவது துரை. அந்தக் கணக்குதான்.]

இரண்டு தீபாவளி போயும் வீக்கம் வற்றவில்லை. சங்கிலியும் இறங்கவில்லை.

"எம் மக கல்யாணம் வருது மதினி" என்று தண்ணீர் பிடிக்கும் இடத்தில் மீனம்மா தினமும் ஞாபகப்படுத்தினாள்.

3

கணேசமூர்த்தி கட்டியை அமுக்கிப் பார்த்தார்.

"இது பொன்னுக்கு வீங்கி இல்லம்மா. எச்சில் சுரப்பிக் கட்டி. முன்னால சாதுன்னு ஒரே கூடையில போட்டு வச்சிருந்தாங்க. இப்ப அதுல சிலது பொல்லாததுன்னு பிரிச்சி, பேரையும் மாத்திட்டாங்க."

"என்னோடது எதுங்க?"

"வெட்டிப் பாத்தாத்தான் தெரியும். கண்டிக்குப் போகணும். வெட்டுறப்ப கத்தி நரம்புல பட்டா வாய் கோணிப்போகும். அப்படியே விட்டா உசுருக்கே ஆபத்து வரலாம்."

"பேரு மாறுனா என்னங்க, கட்டி அதே கட்டிதானே? எங்களக்கூட இந்தியாக்காரங்க, இந்த நாட்டு ஆளுங்க இல்லேன்னு பேர மாத்துனாங்க. நாங்க கொழுந்து எடுக்காமலா இருக்கோம்?"

"பேரு மாறுனதுல ஓட்டுப் போச்சில்ல?" என்றார் கணேசமூர்த்தி.

ராக்காயி கழுத்துச் சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளை அப்படிப் பார்க்க, எழுதிய எனக்கே பயமாக இருந்தது.

4

மீனம்மாவை வில்லியாக்கத்தான் நினைத்திருந்தேன். கண்டிக்குக் கிளம்பும் காலையில் ராக்காயி சங்கிலியைக் கழற்றப் போகிறாள். மீனம்மா அதை வெடுக்கென்று பறித்துக்கொண்டு—

பறிக்க மாட்டேன் என்கிறாள்.

"கழட்டாத மதினி. கழட்டிட்டா பொன்னுக்கு வீங்கி இல்லேன்னு ஆயிரும்."

"ஆசுபத்திரியில கழட்டத்தானேடி சொல்லுவாங்க?"

"அதுவரைக்குமாவது கெடக்கட்டும்" என்று சொல்லி மீனம்மாவும் கூடவே பஸ் ஏறிவிட்டாள்.

இந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன். பத்திரிகைக்காரரிடம் நகைச்சுவைக் கதை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். என்ன செய்வது?

5

முடிவு ஒன்று: சாதுக் கட்டிதான். ராக்காயி ஊர் திரும்பி, பழையபடி தண்ணீர் பிடிக்கும் இடத்தில் மீனம்மாவோடு சண்டையில்—

முடிவு இரண்டு: பொல்லாத ரகம். கணேசமூர்த்தி தலையைக் குனிந்து—

இரண்டையும் அடித்துவிட்டேன். பேனா என் கையில் இருக்கிறது என்பதற்காக ஒரு பெண்ணின் உயிரை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்க்க மனம் வரவில்லை.

எழுத முடிந்தது இவ்வளவுதான். கண்டியில் கட்டியை எடுத்தாயிற்று. எந்த ரகம் என்று இன்னும் தெரியாது. கன்னத்தில் பெரிய கட்டுடன் ராக்காயி உட்கார்ந்திருக்கிறாள். நரம்பு தப்பியதா என்று பார்க்க டாக்டர் அவளைச் சிரிக்கச் சொல்கிறார்.

"சும்மா எப்படிங்க சிரிக்கிறது? சிரிப்பு வர்ற மாதிரி ஏதாச்சும் சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்க்கிறார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் முகத்தில் அசைவில்லை. பழுது நரம்பிலா, என் நகைச்சுவையிலா, தெரியவில்லை.

வாசகரே, உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். மீனம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.