கரியனின் மெத்தை

பேட்டரிக்காரர் சுத்தத்தில் மகா கறார். பழைய பேட்டரிகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளைக் கழற்றி உருக்குவது அவர் தொழில். கடைக்குப் பின்னாலேயே வீடு. உள்ளே வந்ததும் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவிய பிறகுதான் தண்ணீர் டம்ளரைத் தொடுவார். ஆனால் வேலைக்குப் போடும் கெட்டித்துணி மேலங்கி கிழிந்தால் தூக்கிப்போட மட்டும் அவருக்கு மனசு வராது. நாலாக மடித்து அடுப்படி மூலையில் விரித்துவிடுவார். அது அவர் வீட்டு நாய் கரியனுக்கு மெத்தை. அந்தக் கரியனின் வயிற்றில் தலை வைத்துக்கொண்டுதான் அவருடைய ஏழு வயது மகள் பாடம் படிப்பாள்.

ஒருநாள் காலையில் கரியனுக்கு வலிப்பு வந்தது. அதற்கு முன்பே இரண்டு வாரமாக அது சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி விடாப்பிடியாக நிற்க, முனகிக்கொண்டே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார். அங்கிருந்த டாக்டரம்மா நாயைச் சேர்த்துக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். வலிப்பு வரும் நாய்களைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறதாம். கூடக் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொள்ளக் கையெழுத்து வேண்டுமாம்.

"மனுஷனுக்கு வர்ற நோய்க்கே வழியக் காணோம். நாய்க்கு ஆராய்ச்சியா?" என்றார் பேட்டரிக்காரர்.

டாக்டரம்மா தாளை மடக்கவில்லை. மனைவி வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அன்று முழுக்க பேட்டரிக்காரர் இதே பேச்சைக் கடைத்தெருவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எதிர்க்கடை வெல்டிங்காரருக்கு வயிறு புண்ணாகும் அளவுக்குச் சிரிப்பு.

வீட்டில் இன்னொரு தலைவலி இருந்தது. சில மாதங்களாக மகள் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். படித்தது எதுவும் தலையில் நிற்கவில்லை. டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார். எல்லாம் பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிற நடிப்பு என்று பேட்டரிக்காரர் முடிவுகட்டி, நேற்றுக்கூட முதுகில் ஒன்று வைத்திருந்தார்.

நான்காம் நாள் டாக்டரம்மா நேராகக் கடைக்கே வந்துவிட்டார். கரியன் போய்விட்டதென்றே இவர் நினைத்தார். அது பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. ஆராய்ச்சிக்கு எடுத்த ரத்தத்தில் ஈயம் கண்டமேனிக்கு இருக்கிறதாம். வலிப்பு வந்ததே அதனால்தானாம். நாய் எங்கே படுக்கும் என்று கேட்டார்.

பேட்டரிக்காரர் வீட்டுக்குள் கூட்டிப்போய் அடுப்படி மூலையைக் காட்டினார். டாக்டரம்மா குனிந்து மெத்தையின் ஓரத்தை விரலால் தேய்த்தார். சாம்பல் நிற ஈயத்தூள் ஒட்டியது. மெத்தையின் மேல் மகளின் வாய்ப்பாடு கிடந்தது.

"இங்க வேற யாரு படுப்பாங்க?"

மகள் அங்கேதான் நாயின் மேல் சாய்ந்து படிப்பாள் என்று மனைவி சொன்னாள். வயிற்றுவலியையும் மறதியையும் அவளே சொன்னாள். உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டி மகளின் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் டாக்டரம்மா.

முடிவு வருவதற்குள் இரண்டு நாள் அவர் கடையைத் திறக்கவில்லை. மகள் தூங்கும்போது அவள் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவள் என்ன பாவம் செய்தாள்? தன் கையாலேயே விஷத்தை விரித்துப் போட்டுவிட்டு, அவளையே அடித்திருக்கிறோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"ஈயம் ஏறித்தான் இருக்கு. ஆனா நல்ல வேளை, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. இனிமே உள்ள போகாம பார்த்துக்கிட்டா தானா இறங்கிடும். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டிருக்க மாட்டேன்" என்றார் குழந்தை மருத்துவர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேட்டரிக்காரர் வெட்கமில்லாமல் அழுதார். மலையளவு பாரம் இறங்கியிருந்தது.

அதன்பிறகு கடையிலேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தார். மெத்தை போயிற்று. மூன்று மாதத்தில் மகளின் வயிற்றுவலி நின்றது. வீடு திரும்பிய கரியன் பழையபடி காக்கைகளை விரட்ட ஆரம்பித்தது. அந்த ஆராய்ச்சியால் இன்னும் நாலு பட்டறை வீடுகளில் இதே கதை வெளியே வந்ததாம். முன்பெல்லாம் இந்த நாய்களுக்குக் காரணம் தெரியாமல் வெறும் வலிப்பு மாத்திரையைக் கொடுத்துவந்தார்களாம். இப்போது வலிப்பு வராத பட்டறை நாய்களின் ரத்தத்தையும் எடுக்கப் பார்த்தால், பட்டறைக்காரர்கள்தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள் என்று டாக்டரம்மா குறைப்பட்டார். பேட்டரிக்காரர் தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதலில் வெல்டிங்காரரிடம் போனார். அவர் பட்டறையிலும் ஒரு நாய் உண்டு, வீட்டில் இரண்டு பிள்ளைகளும் உண்டு.

"நாய்க்கு ஆராய்ச்சியா?" என்று வெல்டிங்காரர் பழைய சிரிப்பைச் சிரித்தார்.

"நானும் இப்படித்தான்பா சிரிச்சேன். நாம படுக்கற தரையிலதான் அதுவும் படுக்குது, நம்ம காத்தைத்தான் அதுவும் இழுக்குது. நமக்கு வரப்போறது சில நேரம் அதுக்கு முந்தி வந்துடுது. அதோட நோயை ஆராய்ஞ்சா அதுவும் பிழைக்கும், நம்ம பிள்ளையும் பிழைக்கும். எம் பொண்ணு இன்னைக்கு ஓடியாடுறான்னா அது கரியன் குடுத்த ரத்தம்."

வெல்டிங்காரர் சிரிப்பதை நிறுத்தினார். மூலையில் படுத்திருந்த தன் நாயை ஒரு தரம் பார்த்தார். பிறகு பேனாவுக்குக் கையை நீட்டினார்.

"இரு. மொதல்ல கையைக் கழுவிட்டு வா" என்றார் பேட்டரிக்காரர்.