வெளிச்சமான வீடு

"வரதட்சணையா? ஒரு தலையணை உறைகூட வேண்டாம்" என்று அக்காவைப் பெண் கேட்டு வந்த ஜாக்கோ சொன்னதும் அம்மா காபித் தட்டைக் கை நழுவவிட்டாள். சலோனிக்காவின் எங்கள் யூதத் தெருக்களில் பெண் பிறந்த அன்றே சீதனப் பெட்டி வாங்கிவிடுவார்கள். எங்கள் பெட்டியை ஊர் எரிந்த பெரிய தீ விழுங்கிவிட்டது. அதன் பிறகு அக்கா ஓரோவும் நானும் புகையிலைக் கிடங்கில் இலை பிரித்து, தும்மித் தும்மியே வயதைக் கூட்டிக்கொண்டிருந்தோம். அவளுக்கு ஆகாமல் எனக்கு ஆகாது. ஆகவே அவள் கல்யாணத்துக்காக நான் செய்த பிரார்த்தனைகளில் எவ்வளவு அவளுக்கு, எவ்வளவு எனக்கு என்பதைக் கடவுள்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஜாக்கோவுக்குப் புவனஸ் அயர்ஸில் வீடாம். கல்யாணமும் அங்கே போய்த்தானாம். "தங்கச்சியும் வரட்டுமே. அங்க என் சிநேகிதன் ஒருத்தன் தனியா இருக்கான்" என்றான். சிநேகிதனின் பெயரைக்கூடக் கேட்காமல், அன்று மாலைக்குள் நான் அவனுக்கு இரண்டு பிள்ளை பெற்று மூத்தவனைப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டேன்.

கப்பலுக்கு முந்தின நாள், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பாருஹ் மாமாவைப் பார்க்கப் போனோம். கொஞ்ச காலம் புவனஸ் அயர்ஸில் இருந்துவிட்டு வந்தவர். வெங்காயம் கடித்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அக்கா வெட்கத்தோடு தெருவின் பெயரைச் சொன்னாள். மாமா மெல்லுவதை நிறுத்தினார்.

"மஞ்சக் கதவு போட்ட வீடா?"

"ஆமா மாமா, அப்படித்தான் சொன்னாரு."

"வெளிச்சமான வீடும்மா." அவர் எங்களைப் பார்க்கவில்லை. "அங்க இருக்கிற பொண்ணுங்க எல்லாம் ரொம்ப... அதிர்ஷ்டக்காரிங்க." பக்கத்தில் மூன்று முறை துப்பினார்.

எங்கள் ஜனம் கெட்டதை அதன் பெயரால் அழைக்காது. கரியை 'வெள்ளை' என்போம். குருடரைக் 'கூர்பார்வைக்காரர்' என்போம். இடுகாடு எங்களுக்கு 'உயிரோடு இருப்பவர்கள் வீடு'.

"பாத்தியாடி தூதூன், வெளிச்சமாம்!" என்றாள் அக்கா, திரும்பி நடக்கும்போது.

"மாமா துப்பினாரே, பாக்கலியா?"

"வெங்காயம் காரமா இருந்திருக்கும்."

"அக்கா..."

அவள் நின்றுவிட்டாள். "எனக்கும் நம்ம பேச்சு தெரியும்டி. ஒரே ஒரு தடவ ஒரு வார்த்தைக்கு அதோட சொந்த அர்த்தமே இருந்துட்டுப் போகட்டுமே. இல்லன்னா நாளைக்கும் அந்தக் கிடங்குலதான் போய் உக்காரணும். நீ வராட்டியும் நான் போவேன்." பிறகு மெதுவாக, "ஆனா நீ வா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு, "எல்லாம் ஊர்க் கண்ணு" என்றாள்.

மறுநாள் கப்பலுக்கு ஏற்றிச் செல்லும் படகில் ஜாக்கோ முன்பே உட்கார்ந்திருந்தான். என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தான். நல்ல இலை கைக்கு வந்தால் கிடங்கு மேஸ்திரி அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து இப்படித்தான் சிரிப்பார். அக்கா அவன் கையைப் பிடித்துப் படகுக்குள் இறங்கினாள். நான் துணிமூட்டையை இறுக்கிக்கொண்டு கரையில் நின்றேன்.

படகுக்காரன் கயிற்றை அவிழ்த்தான். அக்கா தன் கைக்குட்டையை எடுத்து உதறி, பக்கத்தில் ஈரமாயிருந்த பலகையில் எனக்காக விரித்தாள். படகுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் ஒரு சாணாகி, ஒரு முழமானது.

"சீக்கிரம்டி" என்றாள்.

கைக்குட்டை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி நனைந்துகொண்டிருந்தது.