மதிலுக்கு அடியில் பதினான்கு பேர்

தாம்பாளச் சத்தம் தெருவையே உலுக்கியது. ஒன்று, இரண்டு என்று நிறுத்தவில்லை, விடாமல் அடித்தார்கள். காவலர்கள் அப்படி அடித்தால் ஒரே அர்த்தம்தான்: பூமிக்கு அடியில் யாரோ தோண்டுகிறார்கள்.

பாம்புக்காது தலைமுடியை அள்ளி முடிந்தபடியே ஓடினாள். கிணறு வெட்டுகிற குடும்பத்து மருமகள் அவள். மண்ணில் காதை வைத்தால் பாறை எங்கே, ஈரம் எங்கே என்று சொல்லிவிடுவாள். அதனால்தான் ஊர் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது. பகைவர் படை கோட்டையைச் சுற்றி வளைத்த இரண்டு மாதமாக அந்தக் காதுக்கு வேறு உத்தியோகம். மதிலோரமும் தெருமுனைகளிலும் வாயகன்ற சட்டிகளில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். அடியில் கடப்பாரை விழுந்தால் தண்ணீரில் வட்டம் எழும். வட்டம் எழுந்தால் தாம்பாளம், தாம்பாளம் அடித்தால் பாம்புக்காது.

இன்று வட்டம் எழுந்தது மதிலோரச் சட்டியில் அல்ல. மதிலுக்கு உள்ளே, கிணறுவெட்டிகள் தெருமுனைச் சட்டியில்.

கோட்டைத்தலைவர் அவளுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். முற்றுகை தொடங்கிய நாளிலிருந்து அவர் மீசையை முறுக்குவதை விட்டுவிட்டார்.

"மதிலையே தாண்டிட்டான். எப்படித் தெரியாமப் போச்சு?" என்றார்.

"பேசாம இருங்க ஐயா. உங்க மூச்சே இடியாட்டம் கேக்குது."

காலிப் பானை ஒன்றைத் தரையில் கவிழ்த்து, அதன்மேல் காதை வைத்தாள். தெருவே வாயைப் பொத்திக்கொண்டது. மூன்று வெட்டு, ஒரு ஓய்வு. பிறகு மண்ணை அள்ளும் சரசரப்பு. பிறகு மண் சரியாமல் தாங்கும் முட்டுப்பலகையை இறுக்கும் மரச்சுத்தியல்.

அவள் நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"நாலு ஆள் ஆழம். தோண்டுறது சிப்பாய் இல்ல. சிப்பாயா இருந்தா கைபோன போக்குல குத்துவான். இது நம்ம ஆளுங்க வெட்டு."

நம்ம ஆட்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. பகைவர் வந்த அன்று வெளியே வயலில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த பதினான்கு பேர், கதவு சாத்துவதற்குள் ஓடிவர முடியாமல் பிடிபட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் அவள் கணவன்.

"தோண்டுறது அவங்களா இருக்கலாம்மா. பின்னாடி வர்றது இருநூறு வாள்," என்றார் கோட்டைத்தலைவர். காவலனிடம் திரும்பினார். "துளை போட்டு புகையை விடுங்க. கோழி இறகு, கந்தகம், துருத்தி எல்லாம் தயாரா இருக்கட்டும். மூணே மூச்சுல முடிஞ்சிடும்."

"யாரோட மூச்சு ஐயா?"

அவள் தெருக்கிணற்றைக் காட்டினாள்.

"அவங்க இதை நோக்கித்தான் வர்றாங்க. நான் உள்ள இறங்கி, பக்கத்துச் சுவரை இடிச்சு எதிர்ல வெட்டுறேன். வழி திறந்ததும் பதினாலு பேரையும் இழுத்துட்டு, முட்டுப்பலகையைத் தட்டிவிட்டு சுரங்கத்தை மூடிடலாம்."

"கிணறு எதுக்குன்னு யோசிச்சியா? ஏறி வர வசதியா இருக்கும்னுதான். இது உன் புருஷன் வெட்டின கிணறு. வழி காட்டுறவன் அவனா இருந்தா?"

சுருக்கென்று இருந்தது. அவளுக்கும் அதே எண்ணம் பானையில் காதை வைத்தபோதே வந்துவிட்டிருந்தது. அடித்தால் யார்தான் சொல்ல மாட்டார்கள்.

"அவரா இருந்தா, முதல்ல என்னைத்தான் பார்க்கணும். அப்ப நீங்க புகையை விடுங்க."

"உன் தலைமேலயா?"

"என் தலை கிணத்துக்குள்ள இருந்தா வேற எங்க விடுவீங்க?"

அவர் மதில் உச்சியை அண்ணாந்து பார்த்தார். "அங்க வெயில் இருக்கிற வரைக்கும். அதுக்கு மேல ஒரு நொடி தரமாட்டேன்."

கயிற்றை இடுப்பில் கட்டிவிட்டவன் அவள் கொழுந்தன். "அண்ணி, பயமா இருந்தா ஒரு குரல் குடுங்க. நான் மேலேயிருந்து தைரியம் சொல்றேன்."

"நீ கயித்தை விடாம இரு, அது போதும்."

கிணற்றுக்குள் இறங்கி, குறுக்கே போட்ட பலகையில் நின்று சுவர்க்கல்லைப் பெயர்த்தாள். முதல் கல் அசையவே வெகுநேரம் பிடித்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கூடையில் வைத்து மேலே அனுப்பினாள். கல்லுக்குப் பின்னால் கெட்டிச் செம்மண். சத்தம் வராமல் இருக்கக் கடப்பாரையைக் குத்தாமல் நெம்பினாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்து பிடி வழுக்கியபோது முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள். மண்ணுக்கு அப்பால் மூன்று வெட்டு, ஒரு ஓய்வு. இப்போது பானை தேவைப்படவில்லை. எலும்பில் கேட்டது.

மேலிருந்து கருகிய இறகின் நாற்றம் இறங்கியது. கரி பற்றவைத்துவிட்டார்கள்.

"அண்ணி, வெயில் போயிடுச்சு. ஏறி வாங்க," கொழுந்தனின் குரல் உடைந்திருந்தது.

"இன்னும் ஒரு முழம்தான்."

"ஏம்மா, விளையாடாத. மேல வா," கோட்டைத்தலைவர் எட்டிப் பார்த்தார். "ஊரே என் தலையில இருக்கு."

"என் ஆளுங்க என் தலையில இருக்காங்க ஐயா. நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் என் வேலையைப் பார்க்கிறேன்."

இடுப்புக் கயிற்றை அவிழ்த்து விட்டாள். மேலே இழுத்துக்கொள்ள இனி எதுவும் இல்லை. கோட்டைத்தலைவருக்கு அது புரிந்தது. துருத்தியின் கைப்பிடியைப் பிடித்திருந்த காவலன் அவர் முகத்தையே பார்த்தான். அவர் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

கீழே, கடப்பாரை வெற்றிடத்தில் போய் விழுந்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. துளை வழியே விளக்கு வெளிச்சமும், அதற்கு முன்னால் சேறு பூசிய ஒரு முகமும். தாடிக்குள்ளே கண்கள் மட்டும் அடையாளம் தெரிந்தன.

அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. கடப்பாரையின் முனையைத் துளைக்கு நேரே பிடித்தாள்.

"பின்னாடி எத்தனை வாள் வருது? பொய் சொன்னா இதாலயே குத்துவேன்."

அவன் அந்த முனையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"ஒருத்தனும் இல்லடி. மண்ணு சரிஞ்சிடும்னு பயந்து எல்லாரும் சுரங்க வாசல்லயே குந்தியிருக்கானுங்க, நாங்க மதிலுக்குக் கீழ பள்ளம் பறிக்கிறோம்னு நினைச்சுக்கிட்டு. உங்க காவலுக்குக் கேக்காம மதிலைத் தாண்டுற வரைக்கும் நெம்பியே வந்தோம். நாங்க பத்து நாளா வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கோம்."