ஐந்தாவது கட்டம்

தலைமைக் குமாஸ்தாவும் மனைவியும் படகை விட்டு இறங்கியபோது மணி எட்டரை. பத்து மணிக்குள் மொழிப்பள்ளியில் சேராவிட்டால் மத்தியானப் படகிலேயே திரும்ப வேண்டியதுதான். அந்தப் பள்ளியில் படித்தால்தான் கிடைக்கும் தீவுக் கிளையின் மேலாளர் பதவி அவர் கையை விட்டு, அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஒல்லியனின் மடியில் போய் விழும்.

"லெட்டர்ல வழி போட்டிருக்குமே, படிங்களேன்," என்றாள் மனைவி.

பள்ளி அனுப்பிய கடிதம் தீவு மொழியில் இருந்தது. அந்த மொழி தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஆபீஸ் முழுக்க அளந்துவிட்டிருந்தார்.

"நேரா போகணும்னு போட்டிருக்கு."

"கீழ இந்த அஞ்சு கட்டம்?"

"அது அழகுக்கு."

நேராகப் போனார்கள். ஐஸ் ஃபேக்டரிச் சுவர் மறித்தது. இடப்பக்கம் திரும்பினால் கலங்கரை விளக்கம். அதைச் சுற்றி வந்தால் மறுபடியும் அதே சுவர். மணி ஒன்பது இருபது. சட்டைக் காலர் தொப்பலாகிவிட்டது.

"யாரையாவது கேட்டா கிரீடம் இறங்கிடுமா?"

"மொழி தெரிஞ்சவன் வழி கேப்பானா? நீ சும்மா வா."

அவள் சும்மா வரவில்லை. கடிதத்தை வெடுக்கென்று பிடுங்கி, படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவரிடம் நீட்டி, உள்ளங்கையில் எழுதுவதுபோல் விரலை ஆட்டினாள். பெயின்டர் பள்ளிக்கூடத்துக்கான சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். மூன்று தடவை திருப்பிச் சொல்லவைத்தார். பையிலிருந்து ஒரு முத்திரையை எடுத்து முதல் கட்டத்தில் குத்தினார். மீதி நான்கு கட்டங்களைக் காட்டிவிட்டு, அடுத்த இடத்துக்குக் கையை நீட்டினார்.

வழி கேட்பதுதான் நுழைவுத் தேர்வே. கடிதத்தைப் படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

வலைக் கிடங்கு, தையல்கடை, தபால் நிலையம். அவள் கேட்க, அவர் பின்னால் மூச்சிரைக்க ஓட, நான்கு கட்டம் நிறைந்தது. பள்ளி வாசலில் ஒன்பது ஐம்பத்தெட்டு. காவலாளி கடிதத்தில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அவர்தான் கேட்க வேண்டும் என்பதுபோல் அவள் கணவர் பக்கம் விரலை நீட்டினார்.

தலைமைக் குமாஸ்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மேலாளர் பதவிக்கென்று ஒரு மாதமாக உருப்போட்ட ஏற்புரையை எடுத்துவிட்டார். காவலாளி கொட்டாவி விட்டார்.

"ஐயோ, ஸ்கூல் எங்கன்னு கேளுங்க!"

"ஸ்கூல் போர்டுக்குக் கீழ நின்னுக்கிட்டா?"

"ஒரு நிமிஷம்தான் இருக்கு. ஒல்லியன நெனச்சுக்குங்க." அந்தச் சொல்லைக் காதில் ஓதினாள்.

அவர் முணுமுணுத்தார். காவலாளி காதைக் குவித்தார். ஜன்னலெல்லாம் தலைகள்.

தெருவே திரும்பிப் பார்க்கும்படி அவர் கத்தினார்.

காவலாளி முகத்தில் சலனமே இல்லாமல், தலைக்கு மேலிருந்த ஆளுயரப் பலகையைக் காட்டி, ஐந்தாவது கட்டத்தில் குத்தினார். மணி அடிக்கத் தொடங்க, தலைமைக் குமாஸ்தா உள்ளே பாய்ந்தார்.

பின்னால் காவலாளி ஏதோ கேட்டார். அவள் புதிதாகக் கற்றுக்கொண்ட சொற்களில் ஏதோ சொன்னாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று அவருக்குப் புரிய இன்னும் ஆறு மாதம் படிக்க வேண்டும்.