சாக்கடை என்று சொல்லக் கூடாது

செல்லூரில் ஜெயபாண்டி நடத்தும் லோக்கல் கேபிள் சேனலில் மாலைச் செய்தி வாசிப்பவள் முபீனா. காதுகுத்து வாழ்த்து, காணாமல் போன ஆடு, தண்ணீர் வராத தெரு, இவைதான் செய்திகள். இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் ஜெயபாண்டி நினைத்திருந்தான், கவுன்சிலர் சொக்கநாதன் ஆபீஸ் படியேறி வரும்வரை.

முந்தின நாள் முபீனா வாசித்தது இதுதான்: "கவுன்சிலர் வீட்டுத் தெருவில் ஒரு வாரமாகச் சாக்கடை ஓடுகிறது."

"மாப்ள, சேனலுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கா?" என்றார் சொக்கநாதன்.

"புதுப்பிக்கக் குடுத்திருக்கேண்ணே."

"அது வர்ற வரைக்கும் உன் வயர் எம்புட்டு நம்ம தெருக் கம்பத்துல தொங்குதுன்னு நினைச்சுக்க. இனிமே சாக்கடைங்கிற வார்த்தையே டிவியில வரக் கூடாது."

ஜெயபாண்டி தலையாட்டிவிட்டான். கவுன்சிலர் போன பிறகு முபீனா அவனை விடவில்லை.

"அண்ணே, நாத்தம் வீட்டுக்குள்ள வருது. அதை எப்படி வாசிக்காம விடுறது?"

"நீ வாசி தங்கச்சி. அந்த வார்த்தை வர்ற இடத்துல நான் பீப் சத்தம் போட்டுடுறேன்."

அன்று மாலை முபீனா சிரிக்காமல் வாசித்தாள். "கவுன்சிலர் வீட்டுத் தெருவில் பீப் தொடர்ந்து ஓடுகிறது. இரவில்தான் பீப் அதிகம் என்கின்றனர் அக்கம்பக்கத்தார். பெண்களும் குழந்தைகளும் அந்தப் பக்கம் போக முடியவில்லை. கவுன்சிலருக்கு எல்லாம் தெரியும்."

விடிவதற்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் போன்களில் சுற்றியது. சீட்டாட்டம் என்றார்கள் சிலர். சிலர் அதைவிட மோசமாகச் சொன்னார்கள். வில்லாபுரத்திலிருந்து வாலிபர்கள் பைக்கில் வந்து தெருமுனையில் காத்துக் கிடந்தார்கள். திருநகரிலிருந்து சொக்கநாதனின் மாமனாரே கிளம்பி வந்து, "மாப்பிள்ளை, ராத்திரியில இங்க என்ன ஓடுது?" என்று கேட்டார். மனைவி பட்டு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் சொக்கநாதனுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"மாப்ள, அந்த வார்த்தையச் சொல்லித் தொலைங்கய்யா!"

"நீங்கதானண்ணே வேணாம்னீங்க?"

முபீனா எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்தாள். "நேரலைதான் போகுது. நீங்களே சொல்லிருங்கண்ணே."

சொக்கநாதன் கேமராவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "பொதுமக்களே, எங்க தெருவுல ஓடுறது..."

பழக்க தோஷத்தில் ஜெயபாண்டியின் விரல் பீப் பொத்தானுக்குப் போனது. முபீனா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"...சாக்கடை! வெறும் சாக்கடை! நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். பட்டு, சத்தியமா வேற ஒண்ணும் இல்ல!"

மறுநாள் காலையில் அடைப்பு எடுக்கும் லாரி வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

மதியம் பக்கத்துத் தெரு சுந்தரம்மாள் ஆபீசுக்கு வந்தாள். அவர்கள் தெருவில் விளக்கு எரியவில்லையாம்.

"செய்தியா வாசிச்சிருவோம்மா," என்றாள் முபீனா.

"வாசி தாயி. ஆனா விளக்குன்னு மட்டும் சொல்லிராத," என்றாள் சுந்தரம்மாள்.