ஆட்சேபத் தாள்

சின்னவள் வீடு வாங்கிவிட்டாள் என்று தெரிந்த நாளிலிருந்து பெரியவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெரியவள், சின்னவள் என்றதும் அக்கா தங்கை என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். அக்கா தங்கையாக இருந்திருந்தால் வாய்விட்டுச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பெரியவள் ஆடிட்டர் ஒருவரிடம் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். ஓர் அச்சகத்தின் மாடியில் இரண்டே அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேசை அதிரும். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் ஒரு வரிச் சலுகை தருகிறதல்லவா, அதற்கான கோப்புகள் எல்லாம் அவள் பொறுப்பு. யார் யாருக்கோ வாங்கிக் கொடுத்தாள். அவள் மட்டும் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள்.

குறை சொல்ல வேறு ஆள் கிடையாது. ஆறு வருடம் முன்பு கணவர் ஒரு சின்ன வீட்டைப் பார்த்துவிட்டு ஆசையாக வந்தபோது, விலை இறங்கும், பொறுங்கள் என்று கணக்குப் போட்டுத் தடுத்தவள் அவளேதான். விலை இறங்குவதாவது! அன்றிலிருந்து மேசை இழுப்பறையில் ஒரு காகிதம் வைத்திருக்கிறாள். சேமிப்பு, வங்கிக் கடன், கடைசி வரியில் அந்தச் சலுகை. மூன்றும் சேர்ந்தால் வரும் வருடம் எப்படியும் வாங்கிவிடலாம். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும்.

கணக்கே தெரியாத சின்னவளோ ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தாள், திங்கட்கிழமை முன்பணம் கொடுத்தாள். இப்போது காகிதங்களை ஒரு துணிப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கே வந்து நின்றாள்.

"நீங்க இருக்கும்போது நான் வேற யார்கிட்டக்கா போவேன்?" என்றாள்.

கூடவே வீட்டின் வரைபடத்தையும் விரித்துக் காட்டினாள். மூன்று படுக்கையறை. சமையலறையில் இரண்டு ஜன்னல். பெரியவளின் சமையலறையில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது, எதை வதக்கினாலும் புகை படுக்கை வரை போகும். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வரைபடத்தை மடித்துக் கொடுத்தாள்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. கோப்பு வரி இலாகாவுக்குப் போகும் முன் அதன்மேல் ஒரு மஞ்சள் தாள் வைக்க வேண்டும். நடுவில் கோடு. பார்க்கிறவர் தன்னையே வரி அதிகாரியாக நினைத்துக்கொண்டு இடது பக்கம் ஓர் ஆட்சேபம் எழுத வேண்டும். அதே கையால் வலது பக்கம் பதிலும் எழுத வேண்டும். பதில் எழுத முடியாத கோப்பு வெளியே போகாது. ஆடிட்டரின் கண்டிப்பு அது.

மற்றவர்கள் கோப்புக்குப் பெரியவள் பத்து நிமிடத்தில் ஆட்சேபம் எழுதிவிடுவாள். சின்னவளின் கோப்புக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். கையெழுத்து, தேதி, பத்திரம், வங்கிக் கடிதம் எதிலும் ஓட்டை இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் பதினோராவது கேள்வியில் கண் நின்றது. இதற்கு முன் உங்களுக்கோ துணைவருக்கோ வீடு எதிலாவது பங்கு இருந்ததா? சின்னவள் இல்லை என்று குறித்திருந்தாள்.

எப்படி இல்லை? மாமனார் இறந்ததும் அவருடைய வீடு இரண்டு பிள்ளைகள் பெயருக்கும் மாறியதே. எட்டு மாதம் கழித்துத்தானே விற்றார்கள்! கொழுந்தனார் ஏற்கெனவே ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர். சலுகை கிடையாது. பெரியவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அழுத்தி எழுதினாள், எழுத்து தாளின் மறுபக்கம் தெரிந்தது. பாவம் என்று ஒரு வார்த்தைகூட அவள் மனசில் வரவில்லை, அதை மறைப்பானேன்.

அப்படியே எடுத்துக்கொண்டு போய் ஆடிட்டர் முன் வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"நல்ல கேள்வி. வலது பக்கம் காலியா இருக்கே?"

பதில் இல்லை சார், பங்கு இருந்தது உண்மைதான் என்றாள். குரலில் வருத்தம் கொண்டுவர முயன்றாள், வரவில்லை. அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தைத் திருப்பி வைத்தார். வாரிசாக வந்த பங்காக இருந்து, வந்த பிறகு அந்த வீட்டில் குடியிருக்கவும் இல்லை என்றால், அதைச் சொந்த வீடாகக் கொள்ள வேண்டியதில்லை.

"இவங்க அந்த எட்டு மாசம் அங்க இருந்தாங்களா?"

"இல்ல சார். அப்ப வேற ஊர்ல வேலை."

"அப்ப பதில் இருக்கே. வீடு விக்கிற வரைக்கும் யார் இருந்தா?"

பெரியவள் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தாள். மாமனாரைக் கடைசி வரை பார்த்துக்கொண்டது அவள். அவர் போன பிறகு வீடு பாழாகக் கூடாது என்று எட்டு மாதம் அதே வீட்டில் இருந்து, கூட்டிப் பெருக்கி, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கதவு திறந்துவிட்டதும் அவள்தான். சின்னவளோ பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒரே ஒரு நாள் வந்து போனாள். ஊரார் கோப்புக்கெல்லாம் ஆட்சேபம் எழுதியவள், இழுப்பறையில் இருந்த தன் காகிதத்துக்கு ஒரு மஞ்சள் தாள் வைத்துப் பார்த்ததில்லை.

"நாங்க சார்," என்றாள்.

ஆடிட்டருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, வேண்டுமானால் நானே எழுதுகிறேன் என்றார். அவள் தலையாட்டி மறுத்தாள். தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்திருந்தது, மேசை அதிர்ந்தது. அதிர்வு நிற்கும் வரை காத்திருந்துவிட்டு வலது பக்கத்தை எழுதினாள். நாலே வரி. பிசிறில்லாத பதில், எந்த அதிகாரியாலும் அசைக்க முடியாது. பிறகு இழுப்பறையைத் திறந்து தன் காகிதத்தில் சலுகை என்று எழுதியிருந்த கடைசி வரியை அடித்தாள்.

மறுநாள் கையெழுத்துப் போட வந்த சின்னவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. கஷ்டமான ஒரு கேள்வியை அக்கா முன்னாடியே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டாளாமே, ஆடிட்டர் சொன்னாரே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு யாராவது என்றால் இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருப்பார்களா என்றாள். பெரியவள் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சின்னவள் நிமிர்ந்தாள்.

"அடுத்த வருஷம் நீங்களும் வாங்கிடுங்கக்கா. உங்களுக்கும் இந்தச் சலுகை கிடைக்கும்ல?"

"கிடைக்கும்," என்றாள் பெரியவள். பேனாவை வாங்கி மூடி, கோப்பை அனுப்ப வேண்டிய அடுக்கில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தாள்.